செயற்கை மூட்டு தோற்குமா?

'முழங்கால் உள்வைப்பின் தாமதமான இயந்திரத் தோல்வி'. மருத்துவத் தமிழாக்கங்களில் இந்தத் தொடரும் இதன் உறவினர்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. 'லேட் மெக்கானிக்கல் ஃபெயிலியர்' என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்து, அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டியதன் விளைவு. மூன்று சொற்கள், மூன்றும் கோணல்.

செயற்கை மூட்டு வைத்துப் பல ஆண்டுகள் ஆனபின், கிருமித் தொற்று எதுவும் இல்லாமல், சுமையாலும் உராய்வாலும் அது கெட்டுப்போவதையே மருத்துவர்கள் இப்படிக் குறிக்கிறார்கள். தொடை எலும்பின் முனையில் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கவசம், கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, நடுவே பாலிஎத்திலீன் தகடு. தகடு தேய்கிறது. உதிர்ந்த நுண்துகள்களை உடலின் விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. அதனால் கிளம்பும் அழற்சி பக்கத்து எலும்பை அரிக்கிறது. பிடிமானம் போய் உலோகம் ஆடத் தொடங்குகிறது. சிலருக்குத் தகடோ தட்டோ உடைகிறது. சிலருக்கு இணைப்பு நார்கள் தொய்ந்து மூட்டு நிலைகொள்ளாமல் போகிறது.

'ஃபெயிலியர்' பிரெஞ்சு வழியாக லத்தீன் 'ஃபாலெரெ'யிலிருந்து வந்தது. ஏமாற்றுதல், பொய்த்தல் என்று பொருள். மழை பொய்த்தது என்கிறோமே, அந்தக் கருத்துதான். வேர்க்கதை இவ்வளவே.

இப்போது 'தோல்வி'க்கு வருவோம். முயற்சி தோற்கும், முயன்றவர் தோற்பார். போரிலும் தேர்தலிலும் வழக்கிலும் தோற்கலாம். பொருள் தோற்காது. பிரேக் பிடிக்கவில்லை, மோட்டார் பழுதாகிவிட்டது, மின்சாரம் தடைப்பட்டது, சிறுநீரகம் செயலிழந்தது: ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைக்கும் இவற்றுக்குத் தமிழில் இடத்துக்கு இடம் தனிச்சொல் உண்டு. 'சிறுநீரகத் தோல்வி' என்று எழுதக் கூசுகிறவர்கள் முழங்காலுக்கு வந்ததும் கூச்சத்தை விட்டுவிடுகிறார்கள்.

இது வெறும் நடைக்குற்றம் என்று விட்டுவிடலாகாது. 'மூட்டுத் தோல்வி' என்று படிப்பவர் அறுவை சிகிச்சையே தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்வார். மருத்துவரை நோவார், அல்லது அதிகம் நடந்துவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொள்வார். 2019இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, முழு முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்குச் சுமார் 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கின்றன என்று கணித்தது. பதினெட்டு ஆண்டு ஒருவரைச் சுமந்து நடக்க வைத்துத் தேய்ந்த மூட்டின் மேல் 'தோல்வி' முத்திரை குத்துவது நன்றிகெட்டதனம்.

'செயலிழப்பு' என்று எழுதுவோர் கட்சியும் ஒன்று இருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது பொருந்தும். ஆனால் பிடி தளர்ந்த மூட்டு மடங்கும், நீளும், வலியோடு நடக்கவும் விடும். செயல் இழக்கவில்லையே! மூட்டு மாற்று அறுவைகளைக் குறித்துவைக்கும் பதிவேடுகளின் கணக்கும் வேறு. சுவீடன் 1975இலேயே முழங்கால் மாற்றுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. அத்தகைய பதிவேடுகள் பொதுவாக மறு அறுவை நடந்தால்தான் ஃபெயிலியர் கணக்கில் சேர்க்கும். மூட்டு ஆடியும் அறுவை வேண்டாமென்று இருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

என் தேர்வு 'பழுது'. தேய்வு, தளர்வு, உடைவு மூன்றையும் அது தாங்கும். யார் மேலும் பழி போடாது. உடம்புக்குள் இருப்பதைப் பட்டறைச் சொல்லால் அழைப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும்தான்.

மற்ற இரண்டும் சில வரியில் முடியும். தாமதம் என்றால் நேரத்துக்கு வரவேண்டியது பிந்தி வருவது. பழுதுக்காக யாரும் காத்திருக்கவில்லை, ஆகவே 'பிற்கால'. (பல ஆய்வுகள் இரண்டு ஆண்டை எல்லையாக வைக்கின்றன, சில ஐந்தை.) 'இயந்திர' என்றால் அறுவை அரங்கில் ஏதோ எந்திரம் நின்றுபோனதுபோல் ஒலிக்கிறது. வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை, பொருள் தெளியாததால் தள்ளுகிறேன். தொற்றால் வந்ததல்ல, விசையால் வந்தது என்று பிரித்துக் காட்டத்தான் ஆங்கிலத்தில் அந்த அடைமொழி. 'விசைசார்' என்றால் போதும். ஆக, 'பிற்கால விசைசார் பழுது'. நோயாளியிடம் பேசும்போது அதுவும் வேண்டாம். 'தகடு தேய்ந்துவிட்டது', 'மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டது' என்று நடந்ததைச் சொன்னால் புரியும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்களே 'ஏசெப்டிக் லூசனிங்' என்பதைக் 'கிருமி நீக்கிய தளர்வு' ஆக்குகிறார்கள். தளர்வைக் கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்கினார்களா? 'தொற்றில்லாத் தளர்வு' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பழைய மூட்டை எடுத்துப் புதியது வைக்கும் 'ரிவிஷன்' அறுவைக்கு இவர்கள் தரும் பெயர் 'திருத்த அறுவை'. தோல்வி என்று எழுதிய கைக்கு அடுத்ததாகத் திருத்தம் வருவது இயல்புதான். அங்கே நடப்பது மறு மாற்று அறுவை, அப்படியே எழுதுங்கள்.