கஸ்டடி: ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய சொல்லா?

பாம்பனில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் 'கஸ்டடி' என்ற சொல் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும். "போட்டப் பிடிச்சுட்டாங்களாம், ஆளுகள்லாம் கஸ்டடியில இருக்காங்களாம்" என்ற பேச்சைக் கேட்டே வளர்கிறவர்கள். அவர்களுக்குக் கஸ்டடி என்றால் இலங்கைக் கடற்படை, யாழ்ப்பாணச் சிறை, அம்மா சரியாகச் சாப்பிடாத நாட்கள்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அப்போது அவனுக்கு 11 வயது. தாயும் தகப்பனும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு. வராந்தாவில் ஒருவர் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே, "பையன் கஸ்டடி கேஸ்தானே? இப்படி உட்கார வைங்க" என்றார். அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கை நனைந்திருந்தது. "பெரியம்மா, நான் என்ன செஞ்சேன்? என்னைய எத்தனை நாளு உள்ள வப்பாங்க?" என்று கேட்டான். அவன் அப்பா ஒருமுறை இரண்டு மாதம் 'உள்ளே' இருந்து வந்தவர்.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

லத்தீனில் 'குஸ்தோஸ்' என்றால் காவலர், 'குஸ்தோதியா' என்றால் காவல். அதுதான் ஆங்கிலத்துக்குப் போய்க் கஸ்டடி ஆனது. எங்கள் கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. பிள்ளை தூங்கும் முன் காவல் சம்மனசிடம், அதாவது காக்கிற தேவதூதரிடம், ஒப்படைத்து ஜெபம் சொல்வார்கள். லத்தீன் ஜெபத்தில் அந்தச் சம்மனசுக்கு 'ஆஞ்செலுஸ் குஸ்தோஸ்' என்று பெயர். பிள்ளையின் தலைமாட்டில் நிற்கிற சம்மனசும், லாக்கப் கதவில் நிற்கிற ஆளும் அதே 'குஸ்தோஸ்'தான்.

தமிழில் 'காவல்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். 'கா' என்ற வேரிலிருந்து காத்தல், காப்பு, காவல், காவலன் எல்லாம் வந்தன. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்குச் 'சேதுகாவலர்' என்று பெயர். இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பாக நின்றவர்கள் என்பதால் வந்த பெயர் அது. தென்மாவட்டங்களில் ஊர்க்காவல் என்று ஒரு முறையும் இருந்தது. ஊரில் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அப்படியென்றால் காவல் என்பது அதிகாரம் மட்டுமில்லை, பதில் சொல்ல வேண்டிய கடமையும்கூட. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. ஆனால் இன்று 'காவல்' என்றதும் காவல் நிலையமும் 'பதினைந்து நாள் நீதிமன்றக் காவலும்'தான் கண்ணில் வருகின்றன. பழைய பொருளைச் சொல்லி ஒரு பிள்ளையைத் தேற்ற முடியாது.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு 'ஹிளானத்' என்று ஒரு சொல் உண்டு. ரமளானில் வரும் அதே 'ளா'. அதன் அரபு வேருக்கு மடி, மார்போடு அணைக்கும் இடம் என்று பொருள். பிள்ளை யார் மடியில் என்று கேட்கிற சொல். நான் அறிந்தவரை இந்த விஷயத்துக்கு இருக்கிற சொற்களிலேயே இதமானது இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பாதுகாவல்' என்று எழுதுகிறார்கள். அதில் காவல் ஒட்டிக்கொண்டே வருகிறது. 'பராமரிப்பு உரிமை' என்றும் எழுதுகிறார்கள். அதே வழக்குத் தாளில் ஜீவனாம்சப் பணத்துக்கும் பராமரிப்பு என்றே பெயர் என்பதால் குழப்பம்தான் மிச்சம். 'வளர்ப்பு' என்றால் வளர்ப்புப் பிள்ளை, தத்துப் பிள்ளை என்று பொருள் போய்விடும். இந்தச் சொற்களில் பலவற்றின் வாலில் தொங்குகிற 'உரிமை'தான் எனக்குப் பெரிய உறுத்தல். உரிமை என்றால் யாருக்கு? பெற்றோருக்கு என்றுதான் காதில் விழுகிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் பிள்ளையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. ஆங்கிலம் பிறந்த இங்கிலாந்திலேயே 1989-இல் வந்த குழந்தைகள் சட்டம் கஸ்டடி என்ற சொல்லை விட்டுவிட்டு, பிள்ளை எங்கே வசிக்கும், யாரைச் சந்திக்கும் என்று கேட்கத் தொடங்கிவிட்டது.

என் தேர்வு 'பிள்ளைப் பொறுப்பு'. எங்கள் பெண்கள் பேசும்போது "பிள்ளைய யார் பொறுப்புல விடுறது?" என்றுதான் கேட்பார்கள். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். அதில் காவலரும் இல்லை, கதவும் இல்லை. 'இந்தக் கேஸ், உன்னை யார் பொறுப்பா பார்த்துக்கிறதுன்னு பேசத்தான்' என்று 11 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் உடனே புரியும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. "அந்தக் கஸ்டடி இல்லப்பா, இது வேற" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சொல் புரியாத பிள்ளை வாய் திறக்காது. ஆனால் அது வாய் திறக்க வேண்டும் என்பதைச் சட்டம் வெகுநாளாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சிந்தித்து விருப்பம் சொல்லும் வயது பிள்ளைக்கு வந்திருந்தால், அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. வயது இத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. இதற்கு நம்மிடம் அச்சாகப் பொருந்துகிற வார்த்தை இருக்கிறது: விவரம் தெரிந்த பிள்ளை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் இயன்றவரை பிள்ளைகளின் விருப்பத்தோடு ஒத்துப்போகச் சொல்கிறது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய வழக்கில் பிள்ளையின் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளை சொன்னதே தீர்ப்பு என்பதில்லை. முடிவும் அதன் சுமையும் பெரியவர்களுடையவை. அதனால்தான் 'அம்மாவா அப்பாவா, சொல்லு' என்று கேட்பது கொடுமை. இரண்டு கண்ணில் எது வேண்டும் என்று கேட்கிற மாதிரி.

எங்கள் பையனை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. என்ன கேட்டார் என்று வரும் வழியில் பஸ்ஸில் அவனாகவே சொன்னான். எத்தனை மணிக்கு எந்திரிப்பே, பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுவந்து விடுவா, அப்பா கடலுக்குப் போற அன்னைக்கு ராத்திரி யார்கூடப் படுப்பே என்றெல்லாம் கேட்டாராம். 'யார் வேண்டும்' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லையாம்.

அப்புறம் இவனாக ஒன்று சொல்லியிருக்கிறான். தடைக்காலத்தில் அப்பா வீட்டில்தானே இருப்பார், அந்த நாள் முழுக்க அங்கே இருக்கிறேன், மற்ற நாள் அம்மாவிடம் இருக்கிறேன் என்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடமும் பெரும்பாலும் அப்போதுதான் லீவு. இரண்டு வக்கீல்களும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பல மாதம் பேசி, ஞாயிற்றுக்கிழமை இத்தனை மணி நேரம் என்பதற்கு மேல் நகரவில்லை. தடைக்காலம் எங்கள் ஒருவர் நினைவிலும் வரவில்லை.

"ஏப்ரல்ல பரீட்சை இருக்குமேன்னு கேட்டாங்க பெரியம்மா. பரீட்சை முடிச்சிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றான். பஸ் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கீழே நிற்கிற படகுகளில் அப்பா போகிற படகைத் தேட ஆரம்பித்தான்.