கப் ஆஃப் காபி

"அவருக்கு மேஜர் லீகில் ஒரு கப் காபிதான் கிடைத்தது." அமெரிக்க பேஸ்பால் கட்டுரைகளில் இப்படி ஒரு வரி வந்தால், அந்த வீரர் மேல்மட்ட லீகில் மிகக் கொஞ்ச காலமே ஆடினார் என்று பொருள். சிலருக்கு அது சில வாரம், சிலருக்கு ஒரே ஒரு ஆட்டம்.

சின்னச் சின்ன ஊர்களின் மைனர் லீக் அணிகளில் வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று மேலிருந்து அழைப்பு வரும். அங்கே யாருக்காவது அடிபட்டிருக்கும். அல்லது செப்டம்பர் பிறந்திருக்கும், அந்த மாதம் கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. போனவர் ஒரு கப் காபி குடித்து முடிப்பதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற ஆட்டக்காரர்களின் கிண்டலே இந்தச் சொல்.

காபி வாசனையோடு திரும்பியவரும் உண்டு. 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஆட்டத்தின் கடைசியில் களத்தடுப்புக்கு இறங்கினார் ஆர்ச்சிபால்ட் 'மூன்லைட்' கிரஹாம். மட்டை பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு அவர் மேஜர் லீகில் ஆடவே இல்லை. மினசோட்டாவின் சிஸம் ஊரில் டாக்டராக வாழ்ந்து முடித்தார்.

ஜான் பேச்சோரெக் கதை நேர் எதிர். 1963 செப்டம்பர் 29, ஹூஸ்டன் அணி, வயது 18. மூன்று முறை அடித்தார், மூன்றும் ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது), இரண்டு முறை வாக் (மோசமான வீச்சுகளால் அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது), நான்கு ரன். அப்புறம் முதுகுவலி, அறுவைச் சிகிச்சை. அந்த ஒரு நாளோடு சரி. அவருடைய பேட்டிங் சராசரி இன்றைக்கும் 1.000, பேஸ்பாலில் அதற்கு மேல் சராசரி கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒரு குவளைக் குளம்பி' என்றால் சிரிப்புதான் வரும். 'ஒரு வாய் காபி'யும் ஆகாது. நம் வீடுகளில் அது கிளம்புகிறவரை உட்காரவைக்கிற பேச்சு, இங்கேயோ உட்கார்ந்தவரைக் கிளப்புகிற கதை. 'மழைக்கு ஒதுங்கியது' நெருங்கி வருகிறது, ஆனால் அதில் ஏளனம் அதிகம். மைனர் லீகில் பாடுபட்டு மேலே போனவரை அப்படிச் சொல்ல மனசு வராது.

என் தேர்வு 'தலைகாட்டல்'. வினையாகவும் வளையும்: தலைகாட்டினார், தலைகாட்டியதோடு சரி. காபியின் ருசி இதில் இல்லை என்பது குறைதான். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தவில்லை: "வால்டர் ஆல்ஸ்டன் 1936-இல் கார்டினல்ஸ் அணிக்காக ஒரே ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினார், அதிலும் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட், பின்னாளில் டாட்ஜர்ஸ் அணியை 23 பருவங்கள் நடத்திய மேலாளர் அவர்தான்."