நாசி கண்டார்: தோள்தண்டு பெயர் கொடுத்த சோறு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போகிறவர்கள் தேடிப்போய்ச் சாப்பிடும் உணவுகளில் நாசி கண்டாருக்குத் தனி இடம் உண்டு. பெயரைத் தமிழ் எழுத்தில் படித்தால்தான் குழப்பம். நாசி என்றால் நமக்கு மூக்கு. கண்டார் என்றால் பார்த்தார். இங்கே இரண்டுமே மலாய்ச் சொற்கள். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் ஒரு தண்டை வைத்து, அதன் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போவது. ஆக, தோள்தண்டில் வந்த சோறு என்பதே பொருள். என்ன போட்டுச் சமைத்தார்கள் என்பதைப் பெயர் சொல்லவில்லை. எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது.

நாசி என்ற சொல்லில் சிக்கல் ஏதும் இல்லை. வயலில் விளைந்தது பாடி, குற்றியெடுத்தது பெராஸ், வெந்தது நாசி என்று மலாய்க்காரர்கள் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். நெல், அரிசி, சோறு என்று நாமும் அப்படியே பிரிக்கிறோம். அதனால் நாசிக்குச் சரியான தமிழ் சோறுதான். ‘அரிசி உணவு’ என்று சில பயணக் கட்டுரைகளில் வருவதைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. வெந்ததற்கு நம்மிடம் சொல் இருக்கும்போது வேகாததன் பெயரை எதற்கு எடுக்க வேண்டும்?

கண்டார் என்ற சொல்லில்தான் கதை இருக்கிறது. இந்தியிலும் உருதுவிலும் தோளுக்குக் ‘கந்தா’ என்று பெயர். தோளைக் குறிக்கும் வடமொழி ‘ஸ்கந்த’ வழியாக வந்த சொல் அது. மலாய்க் கண்டாரையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. நம்மவர்கள் சிலர் தர்கா விழாவான கந்தூரியோடு முடிச்சுப் போடுவதையும் கேட்டிருக்கிறேன். ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவிலேயே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, அங்கே கந்தூரி உண்டு, சோறு உண்டு; ஆகவே கந்தூரிச் சோறுதான் நாசி கண்டார் ஆனது என்பார்கள். அது பொருந்தாது. கந்தூரி பாரசீகச் சொல். உணவு பரிமாற விரிக்கும் விரிப்பின் பெயர், பிறகு விருந்துக்கும் ஆகிவந்தது. அந்தச் சொல் மலாயில் ‘கெண்டூரி’ என்று தனியாகவே வாழ்கிறது. இரண்டையும் ஒரு மலாய்க்காரர் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

இனி தண்டைத் தூக்கியவர்களைப் பார்ப்போம். அவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அவர்களில் பலர். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிறகு துறைமுகம் வளர்ந்தது. அதை நம்பி வந்தவர்களில் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய தலைவராக இருந்த காதர் முகைதீனின் பட்டப்பெயரால்தான் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அழைக்கப்படுகிறது. பள்ளிவாசலிலிருந்து வெல்ட் கீ எனப்படும் கப்பல்துறைக்குப் பத்து நிமிட நடைதான். கடலை நோக்கி இறங்கும் தெருக்களின் கடைசித் துண்டுக்கு ‘காட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூலியா தெருவின் கடைசித் துண்டு ‘காட் லெபோ சூலியா’. நம் படித்துறைக்கு வடக்கே வழங்கும் சொல் கடல் தாண்டி வந்து தெருப்பலகையில் நிற்கிறது. பயணிகள் பெரும்பாலும் சுவரோவியங்களைத் தேடிக்கொண்டு ஆர்மீனியன் தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பலகைகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துப் போகலாம்.

அந்தத் துறையில்தான் கூலியாட்கள் மூட்டை இறக்கினார்கள். அவர்களுக்கு விடியும் முன்பே வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். தண்டின் ஒரு முனையில் சோற்றுப்பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் தெருவில் இறங்கிவிட்டால் அவரே கடை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்றவருக்கு அது வெறும் சோறு, வீட்டில் தின்னும் சோறு. அதற்கு அவர் தனிப்பெயர் வைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. வாங்கியவர்தான் அதை வேறு சோற்றிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. துறைமுகத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த மொழி மலாய். தூரத்தில் வரும்போதே கண்ணில் பட்டது தண்டு. தமிழர் சமைத்து, தமிழர் சுமந்த சோற்றுக்கு மலாய்ப் பெயர் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதில் நாம் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. சீனாவின் சிச்சுவானிலும் தண்டில் சுமந்து விற்ற நூடுல்ஸுக்கு ‘தான் தான்’ என்று தண்டின் பெயரே நிலைத்துவிட்டது. தெருவில் விற்கும் உணவுக்குப் பெயர் வைக்கும் உரிமை பல நேரம் சாப்பிடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

பெயர் மலாய் என்பதால் தமிழில் இதற்கு நிகர் இல்லை என்று ஆகாது. இதே கருவிக்குத் தமிழில் மிகப் பழைய ஓரெழுத்துச் சொல் ஒன்று உண்டு: கா. இரு முனையிலும் சுமை தொங்கும் தோள்தண்டு அது. காவுதல் என்றால் அப்படிச் சுமத்தல். புறநானூற்றின் 206ஆம் பாட்டில், அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் அவன் வாயிற்காவலனிடம் சினந்து பேசுகிறார். ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்று புறப்படத் தயாராகிறார். இசைக்கருவிகளைக் காவில் தூக்கியாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று என்கிறார். பாட்டு முடிவது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும்: ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.’ காவும் சோறும் ஒரே பாட்டில் வருகின்றன. அங்கே காவில் போனது இசைக்கருவிகள், பினாங்கில் போனது சோறு. அவ்வளவுதான் வேறுபாடு.

கா அளவுப்பெயராகவும் ஆனது. தொல்காப்பியம் ‘பனையென் அளவும் காவென் நிறையும்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு கா என்பது நூறு பலம் எடை. மலாயிலும் இதே கதை நடந்திருப்பது எனக்குப் பெரிய வியப்பு. தோளில் சுமப்பதற்கு அங்கே ‘பிக்குல்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது ஒரு ஆள் சுமக்கும் சுமையின் எடைக்குப் பெயராகி, நூறு காத்தி, அதாவது ஏறத்தாழ 60 கிலோ என்று கணக்காயிற்று. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் மிளகும் வெள்ளீயமும் பிக்குல் கணக்கில்தான் விலை போயின. இரண்டு மொழிக்காரர்களும் மனிதத் தோளையே தராசாக வைத்திருக்கிறார்கள்.

காவுதல் இன்றும் இலங்கைத் தமிழில் உயிரோடு இருக்கிறது. ‘பிள்ளையைக் காவிக்கொண்டு போனாள்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டில் வினை மங்கிப்போனாலும் காவடி என்ற பெயர் தங்கிவிட்டது. தண்ணீர்க் காவடி என்று கோயிலுக்கு வெளியிலும் அதற்கு வாழ்வு இருந்தது. பினாங்கிலோ காவடி என்றால் தைப்பூசம்தான், தண்ணீர்மலை முருகன்தான். அங்குள்ள தமிழர்களிடம் போய்க் ‘காவடிச் சோறு’ என்றால் முதலில் அன்னதானம்தான் நினைவுக்கு வரும். ‘காவுசோறு’ என்று சொல்லலாமே என்றால், தமிழ்நாட்டில் காவு கொடுத்தல் வேறு பொருள் தரும். உணவுக்கு முன்னால் அதை வைக்க யாருக்கும் மனம் வராது. ‘தோள்சுமைச் சோறு’ தெளிவாக இருக்கிறது, ஆனால் வாயில் உருளவில்லை. மூன்றில் காவடிச் சோறுதான் கருவியையும் செயலையும் ஒருசேரக் காட்டுகிறது. பொருள் விளக்க வேண்டிய இடத்தில் அதைத்தான் நான் எழுதுவேன். உணவின் பெயராக நாசி கண்டாரை அப்படியே விடுவதே முறை. நம் இட்லியை வேறொருவர் தம் மொழியில் பெயர்த்துச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தானே பினாங்குக்காரருக்கும்.

தட்டுக்கு வருவோம். தண்டு போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, கடைகள் நிலைத்துவிட்டன. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907இல் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய சட்டிகள் வரிசையாக இருக்கும்: கோழி, ஆட்டிறைச்சி, மீன், கணவாய், மீன்சினை. பரிமாறுகிறவர் சோற்றைத் தட்டில் கொட்டி, நீங்கள் காட்டிய துண்டை வைப்பார். முழு வெண்டைக்காய் இரண்டைப் பக்கத்தில் சாய்ப்பார். அதன்பிறகு கரண்டி ஓரிடத்தில் நிற்காது. மீன்சட்டியில் கொஞ்சம், கோழிச்சட்டியில் கொஞ்சம், கருத்துக் கெட்டியான சோயா மசாலாவில் கொஞ்சம் என்று அள்ளி அள்ளிச் சோற்றின்மேல் ஊற்றுவார். புளிப்பும் மிளகும் இனிப்பும் சோற்றுக்குள் ஒன்றாக இறங்கும். இதற்குப் பெயர் ‘குவா சம்பூர்’. சம்பூர் என்றால் கலப்பு. இன்னும் நிறைய வேண்டும் என்றால் ‘பஞ்ஜிர்’ என்று சொல்ல வேண்டும். பஞ்ஜிர் என்றால் வெள்ளம். குழம்பைத் தனியே கிண்ணத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சாப்பிட்டால் சோறும் கறியும் கிடைக்கும், நாசி கண்டார் கிடைக்காது.

குவாவுக்குத் தமிழ் என்ன? குழம்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதைச் சமைத்தவர்களின் வீடுகளிலேயே இதற்குச் சொல் இருக்கிறது: ஆணம். தமிழ் முஸ்லிம் ஊர்களில் இன்றும் புளியாணம், களறி ஆணம் என்றுதான் பேசுகிறார்கள். அகராதியில் ஏறிய நல்ல தமிழ்ச்சொல். குவா சம்பூரைக் ‘கலப்பாணம்’ என்று எழுதினால், சமைத்தவர்களின் சொல்லே அவர்கள் உணவுக்குத் திரும்பிவரும். எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

இந்தக் கடைகளை நடத்துகிறவர்களை ‘மாமாக்’ என்பார்கள். நம் ‘மாமா’ என்ற விளியிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமும் மாமாக் என்றால் தாய்மாமன்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடைப்பலகையைப் படித்தால் கொடுக்கல் வாங்கல் இன்னும் தெளிவாகும். ‘கெடாய்’ நம் கடை. ‘காரி’ நம் கறி. தயிர் ‘தைரு’ ஆகியிருக்கிறது. சோற்றுக்கு மலாய்ப் பெயர் என்றால், சோறு விற்கும் இடத்துக்குத் தமிழ்ப் பெயர்.

வாங்குகிறவரே பெயர் வைக்கும் வழக்கம் தண்டோடு நின்றுவிடவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி 1943 முதல் இயங்கும் ஒரு கடைக்கு ‘நாசி கண்டார் பெராத்தூர்’ என்று பெயர். பெராத்தூர் என்றால் வரிசையில் நிற்றல். கூட்டம் வரிசை கட்டியதால் அந்த வரிசையே கடையின் பெயராயிற்று.

தமிழில் எழுதுகிறவர்கள் இச்சொல்லை முதல்முறை பயன்படுத்தும்போது நாசி கண்டார் என்று எழுதி, பக்கத்திலேயே காவடிச் சோறு என்று பொருள் தந்தால் போதும். பிறகு மலாய்ப் பெயரிலேயே தொடரலாம். பிரியாணி என்றோ கலவைச் சாதம் என்றோ எழுத வேண்டாம். பிரியாணி சில நாசி கண்டார் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. கலவைச் சாதத்தில் பிசைவது சமைத்தவர் வேலை, இங்கே பிசைவது சாப்பிடுகிறவர் வேலை.