புதைப்பதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள்

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கூட்டம். வாசலில் கையில் கொடுத்த தாளின் தலைப்பு இது: "கார்பன் கைப்பற்றல், பயன்பாடு மற்றும் சேமிப்பை வரிசைப்படுத்துவதற்கான பிராந்திய ஒத்துழைப்பு." பக்கத்து நாற்காலியில் விளாத்திகுளம் பக்கமிருந்து வந்த ஒரு அண்ணாச்சி, கரிமூட்டம் போடுகிறவர். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்துவிட்டு, ஆலைப் புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் இறக்குகிற வேலை என்று விளக்கம் சொன்னேன். "சேமிப்புன்னு போட்டிருக்குன்னு வாசிச்சீயள்லா. சேமிச்சா என்னைக்காவது எடுக்கணுமே, என்னைக்கு எடுப்பாவ?" என்றார். எடுக்கவே கூடாது, வெளியே வந்தால் செய்ததெல்லாம் வீண் என்றேன். "பொறவு அது என்ன சேமிப்பு?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்தச் 'சேமிப்பு' நாளிதழில், அறிக்கையில், வானொலியில் என்று பார்க்கும் இடமெல்லாம் வந்துவிட்டது, இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சொற்களின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் என்பது லத்தீனில் கரியைக் குறிக்கும் கார்போ என்ற சொல்லிலிருந்து வந்தது, நம் 'கரி'யும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் இந்த முறைக்கு வைத்த பெயரின் கடைசிச் சொல் ஸ்டோரேஜ். அதன் மூலம் பழைய பிரெஞ்சு, அதற்கும் பின்னால் லத்தீன். படைக்கும் வீட்டுக்கும் வேண்டிய பொருளைக் கொண்டுவந்து நிரப்பி வைப்பது என்ற கருத்து அதற்குள் உண்டு. நம் 'சேமிப்பு' சேமம் என்பதிலிருந்து, சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து. நலம், பாதுகாப்பு. அவ்வளவுதான்.

இனி பேச்சு வழக்குக்கு வருவோம். சேமிப்பு என்றவுடன் நமக்கு என்ன தோன்றும்? அஞ்சலகத்தில் சிறுசேமிப்பு, வீட்டில் உண்டியல். பெரியவர்களைக் கேட்டால் விதைக்கோட்டையைச் சொல்வார்கள். நல்ல நெல்லாகப் பார்த்து எடுத்து, வைக்கோலை வட்டமாகப் பரப்பி நடுவில் கொட்டி, வைக்கோற்பிரியால் இறுக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார்கள். அத்தனை இறுக்கமாகக் கட்டுவதும் அடுத்த விதைப்புக்கு அவிழ்ப்பதற்காகத்தான். அவிழ்க்காத விதைக்கோட்டைக்கு ஒரு பொருளும் கிடையாது. சேமிப்பு என்றால் திரும்ப எடுப்போம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, எடுக்கிற பொருள் நல்ல பொருள் என்பதும் இருக்கிறது. குப்பையை யாராவது சேமித்தார்கள் என்று சொல்வோமா?

'தேக்கம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாபநாசத்தில் 143 அடி, மணிமுத்தாற்றில் 118 அடி என்று தண்ணீரைத் தேக்குகிறோம், கார் சாகுபடிக்கு மடையைத் திறக்கிறோம். தேக்கினாலும் திறக்க வேண்டும். 'வைப்பு' என்று இன்னும் சிலர். வங்கிக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நிரந்தர வைப்பு என்று பெயர் சூட்டிவிட்டு ஐந்து வருடத்தில் வட்டியோடு திருப்பித் தருகிறார்கள். எல்லாவற்றையும் விட மோசம் 'தனிமைப்படுத்தல்'. ஆங்கிலத்தில் இதற்கே சீக்வெஸ்ட்ரேஷன் என்று இன்னொரு பெயர் உண்டு, தகராறில் இருக்கும் ஒரு பொருளை நடுவர் கையில் ஒப்படைப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதை ஒருவர் தனிமைப்படுத்தல் என்று மொழிபெயர்த்திருக்கிறார். கொரோனா காலத்தில் வீட்டுக்கதவில் ஒட்டிய தாளைப் பார்த்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இனி வேறு பொருள் வராது.

சரி, கீழே உண்மையில் என்ன நடக்கிறது? 800 மீட்டருக்குக் கீழே போனால் அழுத்தம் அவ்வளவு அதிகம், வாயு ஏறத்தாழ முன்னூறில் ஒரு பங்காகச் சுருங்கி நீர்மம் போல அடர்ந்துவிடும். அந்த ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்பாறையின் துளைகளுக்குள் அதை அழுத்தி ஏற்றுகிறார்கள், மேலே வாயு புகமுடியாத களிப்பாறை மூடியாக இருக்க வேண்டும். குகையும் கிடையாது, தொட்டியும் கிடையாது. கொஞ்சம் துளைகளில் சிக்கி நின்றுவிடும், கொஞ்சம் உப்புநீரில் கரையும், நாள்போக்கில் கொஞ்சம் கல்லாகவே மாறும். ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் தண்ணீரில் கரைத்து இறக்கியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டில் கல்லாகிவிட்டதாக 2016இல் ஆய்வை வெளியிட்டார்கள். நார்வேக்காரர்கள் வடகடலில் ஸ்லெய்ப்னர் என்ற இடத்தில் 1996 முதல் இதைச் செய்துவருகிறார்கள், தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் அளவில். கல்லாகிப் போனதைச் 'சேமிப்பு' என்கிறோம்!

இது சொல் விளையாட்டு இல்லை. நாடுகள் சேர்ந்து செய்ய வருகிறபோது சொல்லில் இருக்கிற கோணல் பெரிய கோணலாகிவிடும். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் புகைபோக்கி நிறைய, கீழே இறக்கத் தோதான இடம் போதாது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எரிவாயு எடுத்துத் தீர்ந்த வயல்கள் கடலடியில் கிடக்கின்றன. 2024இல் இந்தோனேசியா போட்ட ஆணைப்படி மொத்தக் கொள்ளளவில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டு வாயுவுக்கு ஒதுக்கலாம். ஐரோப்பாவில் இது நடந்தே விட்டது, 2023 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆலை வாயுவைக் கப்பலில் கொண்டுபோய் டென்மார்க்கின் பழைய எண்ணெய் வயலில், கடலடிக்குக் கீழே 1,800 மீட்டரில் இறக்கினார்கள். இப்போது யோசியுங்கள். ஒருவன் இன்னொருவன் வீட்டில் பணத்தைச் சேமித்தால் பணம் போட்டவனுடையது. ஒருவன் வீட்டுக் கழிவை இன்னொருவன் கொல்லையில் புதைத்தால் நூறு வருடம் காவல் காக்கிற பொறுப்பு யாருக்கு? பேச்சுவார்த்தையில் நிறைய நேரம் போவது இந்தக் கேள்விக்குத்தான். சேமிப்பு என்று எழுதினால் அந்தக் கேள்வியே வாசகருக்கு வராது.

அதோடு, இதை ஆளுகிற சட்டம் எது தெரியுமா? கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கப் போட்ட 1996ஆம் ஆண்டின் லண்டன் நெறிமுறை. அதன்படி கழிவைக் கடலில் கொட்டுவதற்காக வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. கரியமில வாயுவுக்கு விலக்கு வேண்டும் என்று 2009இல் திருத்தம் எழுதினார்கள், போதிய நாடுகள் ஒப்புதல் தராததால், விரும்புகிற நாடுகள் இடைக்காலமாகக் கடைப்பிடிக்கலாம் என்று 2019இல் வழிசெய்தார்கள். சட்டமே கழிவின் கணக்கில் வைத்திருப்பதை நாம் ஏன் உண்டியல் கணக்கில் எழுத வேண்டும்?

என் கட்சி புதைப்பு. புதைத்தல், புதைத்து வைத்தல். பச்சைத் தமிழ், சின்னப் பிள்ளைக்கும் புரியும். புதையல் என்று தோண்டி எடுப்பதில்லையா என்பார்கள். புதையல் தற்செயலாகக் கிடைப்பது, புதைத்தவன் எடுத்தால் அதற்குப் புதையல் என்று பேரில்லை. பிணவாடை அடிக்கிறது, மக்கள் பயப்படுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பயம் வருமா வராதா என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது மொழிபெயர்ப்பாளர் வேலையில்லை. ஊர்க்காரன் காலுக்குக் கீழே ஒன்றை இறக்கப் போகிறோம் என்றால் அவன் கேள்வி கேட்கும்படியான சொல்லைத்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தலைப்பின் முதல் சொல், கார்பன். பிடிக்கிறது கரியை இல்லை, வாயுவை. உண்மையில் கரியைப் பிடித்து வைக்கிறவர் அந்த அண்ணாச்சிதான். சீமைக்கருவை விறகை அடுக்கி, மண் பூசி, காற்று அளவோடு விட்டு நாள்கணக்காகப் புகையவிட்டு மூட்டை மூட்டையாகக் கார்பன் எடுக்கிறார். கணக்கிலும் இது இடிக்கும். ஒரு டன் கார்பன் எரிந்தால் ஏறத்தாழ 3.67 டன் கரியமில வாயு. 'பத்து லட்சம் டன் கார்பன்' என்று எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கரியமில வாயு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த சொல் இருக்கிறது, அதையே எழுதலாம். தூய்மை பார்க்கிறவர்கள் வாயுவை வளி ஆக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கைப்பற்றல் என்றால் கோட்டையை, கடத்தல் பொருளை. வாயுவுக்குப் பிடிப்பு போதும். வரிசைப்படுத்தல் இன்னும் கொடுமை. படையை விரித்து நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் டிப்ளாய் என்ற வார்த்தையை அகராதியில் பார்த்து, வரிசையாக நிறுத்துவது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எதை எதற்குப் பின்னால் நிறுத்துவது? நடைமுறைக்குக் கொண்டுவருதல் என்றால் முடிந்தது. 'மற்றும்' பற்றிப் பேசினால் விடிந்துவிடும், உம் என்று இரண்டெழுத்து ஒட்டினால் போகிற இடத்தில் தனிச்சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பயன்பாடு சரியான சொல், அதில் வழக்கில்லை. தூத்துக்குடியிலேயே 2016இல் ஒரு சோடா உப்பு (சோடா ஆஷ்) ஆலை தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்புக்குப் பயன்படுத்தும்படி அமைத்தது, வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆனால் பயன்பாடு வேறு, புதைப்பு வேறு. சோடா உப்பைக் கண்ணாடி உலையில் மணலோடு உருக்கினால் அதே வாயு கிளம்பி வெளியே போகும். மாவில் ஆப்பச்சோடாவைப் போட்டுச் சட்டியில் ஊற்றினால் கண் கண்ணாக விழுமே, அந்தக் கண்கள் இந்த வாயு விட்டுப்போன இடம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எது தங்குகிறது, எது திரும்பிவிடுகிறது என்பது மறைந்துபோகும். அதனாலும் கடைசிச் சொல் அழுத்தமாக இருக்க வேண்டும்.

தலைப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "கரியமில வாயுவைப் பிடிக்கவும் பயன்படுத்தவும் புதைக்கவும் அண்டை நாடுகளின் கூட்டு முயற்சி." கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தாளின் பின்பக்கத்தில் இதை எழுதி அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "யாரு நெலத்துல புதைப்பாவ?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.