குஸ்ரோ: சொல் விளக்கம்

அரபு வரலாறுகளில் கிஸ்ரா, கிரேக்கர் எழுத்தில் கோஸ்ரோஸ், தில்லி வரலாற்றில் குஸ்ரு. படிக்கிறவருக்கு மூன்று வேறு பெயர்கள் போலத் தோன்றும். மூன்றும் குஸ்ரோ என்ற ஒரே பாரசீகப் பெயர்தான்.

ஜொராஸ்திரிய மறைநூலின் பழைய ஈரானிய மொழியான அவெஸ்தா மொழியில் இது ஹவ்ஸ்ரவஹ். இடைக்காலப் பாரசீகத்தில் ஹுஸ்ரவ். 'ஹு' என்றால் நல்ல, 'ஸ்ரவஹ்' என்றால் புகழ். சிந்து என்பது ஹிந்து ஆனதுபோல, வடமொழியின் 'சு' அங்கே 'ஹு' ஆகிறது. அதனால் ரிக் வேதத்தில் வரும் சுச்ரவஸ் என்ற பெயரும் இதுவும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் வேர் 'கேட்டல்' என்ற வினை. பலர் காதில் விழுவதே புகழ் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

தமிழில் இதற்கு நேராக நிற்கும் சொல் நல்லிசையோன். 'இசை' நமக்கும் ஒலி, புகழ் இரண்டுமாகும். 'ஈதல் இசைபட வாழ்தல்' என்ற குறளில் இசை என்பது புகழ்தான். 'நற்புகழன்' என்றாலும் பொருள் சரி. ஆனால் கேட்டல், ஒலி என்ற அந்த உள்பொருள் அதில் வராது. பொருள் சொல்லும்போது நல்லிசையோன் என்போம். ஆளைக் குறிக்கும்போது குஸ்ரோ என்றே எழுதுவோம்.

ஈரானியத் தொன்மத்தில் கய் குஸ்ரோ நீதி தவறாத மன்னன். பழைய ஈரானை ஆண்ட பார்த்திய அரசர்களிலும் ஆர்மீனிய அரசர்களிலும் இப்பெயர் உண்டு. ஆனால் பெயருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகத்தை ஆண்ட சாசானிய மரபின் பேரரசர் முதலாம் குஸ்ரோ (531–579). 'அழியா ஆன்மா' என்று பொருள்படும் அனூஷிர்வான் இவருடைய பட்டப்பெயர். நிலவரியைச் சீர்திருத்தினார். ஏதென்ஸில் இடமிழந்த தத்துவ அறிஞர்களுக்குப் புகலிடம் தந்தார். பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குப் போனதும் இவர் காலத்தில்தான். அவருடைய மருத்துவர் புர்சோய் அதை மொழிபெயர்த்தார் என்பது மரபு. அங்கிருந்து அது அரபுக்குப் போய், மேற்கே பரவியது. ஓர் அரசரின் அறிவுத் தாகம் கதைகளை இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்பதே இவரை நினைக்கப் போதுமானது.

பேரன் இரண்டாம் குஸ்ரோ, பர்வேஸ் என்று பெயர்பெற்றவர். 614-இல் அவர் படை ஜெருசலேமைப் பிடித்தது. 628-இல் சொந்த மகனே அவரைப் பதவியிலிருந்து இறக்கிய பின் கொல்லப்பட்டார். பாரசீக இலக்கியத்தில் ஷீரின் என்ற பெண்ணைக் காதலிக்கும் கதையின் நாயகன் இவர்தான். நபிகள் நாயகம் கடிதம் அனுப்பியதாக இஸ்லாமிய மரபு சொல்லும் கிஸ்ராவும் இவரே. அரபு மொழியில் அப்புறம் கிஸ்ரா என்பது பாரசீகப் பேரரசர் எவருக்கும் பொதுப்பட்டம் ஆகிவிட்டது. ரோமானியரிடம் சீசர் ஆனது போலத்தான். அதற்கு அகாஸிரா என்று பன்மையும் உண்டு.

தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு (1253–1325) அரசர் அல்லர். ஆனால் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் 1311-இல் மதுரை வரை படையெடுத்து வந்ததைச் சமகாலத்தில் எழுதிவைத்தவர் என்பதால், தமிழக வரலாறு படிப்பவர்கள் அதிகம் சந்திக்கும் குஸ்ரோ இவர்தான்.