மெய்ப்புதிர்: ஒரு சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் படிவம் நான்கு மாணவர் ஒருவர், தமக்குப் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரையில் "பிலாசாபிக்கல் பசில் கேம்" என்று ஒரு கணினி விளையாட்டு வகையைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். "இதற்குத் தமிழில் என்ன சார்? இதை எதற்கு விளையாடுகிறாய் என்று பாட்டி கேட்கிறார், அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றார். ஒன்று பெயரைப் பற்றிய கேள்வி, மற்றொன்று காரணத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் பெயரைச் சரியாகத் தேடிச் சென்றால் காரணமும் அங்கேயே கிடைக்கிறது என்பது என் துணிபு.

முதலில் "பசில்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒருவரைத் திகைக்க வைத்தல் என்னும் பொருளுடைய வினையாகவே வழங்கியது. விளையாட்டுப் பொருளுக்குப் பெயராக அது அமைந்தது வெகு காலத்திற்குப் பின்னர்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் பலகையில் ஒட்டிய நிலப்படத்தை நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்கு விற்றபோதுகூட, அதை "வெட்டிய நிலப்படம்" என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். நம் மாணவர்கள் பள்ளியில் கேட்கும் மலாய்ச் சொல்லாகிய "தெக்கா-தெக்கி", ஊகித்தலைக் குறிக்கும் "தெக்கா" என்பதிலிருந்து வந்தது. ஆகவே ஆங்கிலம் திகைப்புக்கும் மலாய் ஊகத்துக்கும் பெயர் வைத்திருக்கின்றன.

தமிழ் வேறொரு முனையிலிருந்து பெயர் வைத்தது. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகை யாப்பைச் சொல்லும்போது, விடுகதையைப் "பிசி" என்று குறித்து அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பேராசிரியர் என்னும் உரையாசிரியர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு "பிறை கவ்வி மலை நடக்கும்" என்பது. யானை என்பது விடை. பிசி என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டாலும் பொருள் மறையவில்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடாகிய லயன் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) உட்கார்ந்து என் தாயார் எங்களுக்குப் போட்ட விடுகதைகளில் ஒன்று அவரே கட்டியது: "வெட்ட வெட்ட அழும், அது அழுதால்தான் நம் அடுப்பு எரியும்." பால்மரம் (ரப்பர் மரம்) என்று நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. விடியுமுன் பால்வெட்ட நிரைக்கு (மர வரிசைக்கு) போய்த் திரும்பிய களைப்பிலும் அவர் விடையைச் சொல்லிவிடவில்லை. "விடுவி பார்க்கலாம்" என்பதுதான் அவருடைய ஒரே உதவி.

"விடுவி" என்ற அந்தச் சொல்லில்தான் நான் நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன். விடுகதை, விடை, விடுதலை ஆகிய மூன்றும் "விடு" என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாம் எண்ணும் நான்கில் இறுதியாகிய வீடும், கெடு கேடு ஆனதுபோல, சுடு சூடு ஆனதுபோல, விடு என்பதன் முதல் எழுத்து நீண்டு அமைந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் பயின்றவர் அறிவர். சிறு பிள்ளையின் விடுகதையும் ஞானியின் வீடுபேறும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்ளும் மொழியில், சிந்தனையைக் கிளறும் புதிர் விளையாட்டை ஒருவர் ஏன் நாடுகிறார் என்று விளக்குவது அத்தனை கடினமன்று: கட்டுண்ட ஒன்று தம் அறிவால் அவிழும் கணத்துக்காகவே அவர் நாடுகிறார்.

"பிலாசாபி" என்பதற்குத் தத்துவம், மெய்யியல் என இரு சொற்கள் வழக்கில் உள்ளன. தத்துவம் வடமொழியில் "அதுவாம் தன்மை" என்று பொருள்படும். இவ்விடத்தில் எனக்கு மெய்யியலே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் மெய் என்பது உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிக்கும். குரோவேசியாவின் குரோட்டீம் நிறுவனம் 2014இல் வெளியிட்ட "தி தாலோஸ் பிரின்சிபிள்" விளையாட்டின் உள்ளம் இந்த இரட்டைப் பொருளில்தான் இருக்கிறது. தாலோஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் கிரீட் தீவைக் காத்த வெண்கல மனிதன். அவனுக்கு ஒரே ஓர் இரத்தக்குழாய். அதை அடைத்திருந்த ஆணி பிடுங்கப்பட்டதும் அவன் உயிர் போயிற்று. விளையாடுபவர் ஓர் இயந்திர உடலில் கண்விழித்து, இடிபாடுகளுக்கிடையே ஒளிக்கதிர்களைத் திருப்பி, தடுப்புகளைத் திறந்துகொண்டு செல்கிறார். கோபுரத்தில் ஏறாதே என்று கண்காணாக் குரல் ஒன்று ஆணையிடுகிறது. மனிதன் என்பவன் யார் என்று ஒரு கணினித் திரை அவரைக் கேட்டு, அவர் சொல்லும் விடைகளுக்குள்ளேயே முரண்பாட்டைக் காட்டுகிறது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்னும் 423ஆம் குறளை மனப்பாடம் செய்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரத்தின் முன் நிற்கும் தயக்கம் எளிதில் புரியும்.

பின்லாந்தின் அர்வி தெய்க்கரி உருவாக்கி 2019இல் வெளிவந்த "பாபா இஸ் யூ" இன்னும் நேரடியானது. விளையாட்டின் விதிகளே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கும். சுவர் தடை என்று சொல்லும் தொடரில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் சுவர் தடுக்காது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் கையால் தொட்டுப் பார்க்க வைக்கும் இந்த விளையாட்டைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

எஞ்சியிருப்பது "எதற்கு விளையாடுகிறாய்" என்று பாட்டி கேட்ட காரணம், ஆங்கிலத்தில் "மோட்டிவேஷன்". இதற்கு ஊக்கம் என்பது நல்ல சொல். கலித்தொகையின் 37ஆம் பாட்டில் ஊசலில் இருக்கும் தலைவி, "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்று ஊசலை ஆட்டிவிடச் சொல்கிறாள். ஊக்குதல் அங்கே அசைத்து எழுப்புதல். ஆனால் இன்று நாம் ஊக்கத்தொகை என்று எழுதி, ஊக்கத்தைப் பணத்தோடு கட்டிவிட்டோம். 1971இல் எட்வர்டு டெசி என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், ஏழு துண்டுகளை இணைத்து உருவங்கள் அமைக்கும் சோமா என்னும் புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு சாராருக்கு விடுவித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்துப் பின்னர் நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. பாலின் எடைக்குக் காசு வாங்கிய எங்கள் பெற்றோர் கூலியை ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. ஆயினும் கூலியில்லாத அந்த இரவு விடுகதைகளில் என் தாயாரின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இவ்விடத்தில், உள்ளிருந்தே எழும் ஊக்கம் என்ற பொருளில், "அகவூக்கம்" என்று எழுதுவதே பொருளைக் காக்கும்.

இவற்றைக் கூட்டி, மெய்ப்பொருள் என்பதைப்போல, மெய் + புதிர் = மெய்ப்புதிர் என்றும், முழுப் பெயராக மெய்ப்புதிர் விளையாட்டு என்றும் எழுதுமாறு மாணவரிடம் கூறினேன். விடுகதை சொல்லால் ஆனதை மட்டுமே குறிப்பதாலும், புதிர் சொல்லிலும் கட்டத்திலும் உருவத்திலும் அமைந்த அனைத்தையும் தழுவுவதாலும் இங்குப் புதிரே ஏற்றது. வினையில்தான் கவனம் வேண்டும். ஓட்டப் பந்தயத்தையோ சண்டை விளையாட்டையோ ஒருவர் "முடித்தார்", "வென்றார்" என்னலாம். மெய்ப்புதிரை "விடுவித்தார்" என்றே எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் திருத்திக் கொண்டுவந்த கட்டுரையில், பாட்டிக்கான விடை ஒரே வரியில் இருந்தது: "நீங்கள் போடும் விடுகதையைத்தான் பாட்டி, நான் திரையில் விடுவிக்கிறேன்."