நோட்கெல்ட்: ஊர்கள் தாங்களே அடித்த காசு

நாணயம் சேகரிப்பவர்களிடம் பேசினால் நோட்கெல்ட் என்ற பெயர் கட்டாயம் காதில் விழும். கேட்டவுடன் ரூபாய் நோட்டுதான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இது ஜெர்மன் சொல். 'நோட்' என்றால் இல்லாமை, இக்கட்டு. 'கெல்ட்' என்றால் பணம். ரயிலில் ஆபத்துக்கு இழுக்கும் பிரேக்குக்கு அங்கே உள்ள பெயரும் இதே 'நோட்' என்றுதான் தொடங்கும்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் ஜெர்மன் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் செம்பும் நிக்கலும் ஆயுத ஆலைகளுக்குப் போயின. அரசு இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்தும் போதவில்லை. ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. எனவே நகராட்சிகளும் மாவட்டங்களும் ஆலைகளும் தாங்களே காசு அடித்துக்கொண்டன. அதுதான் நோட்கெல்ட். சட்டப்படி அதற்கு இடமில்லை. வேறு வழியில்லாததால் அரசு கண்டும் காணாமல் இருந்தது.

அந்தக் காசு ஒன்றைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறத் துத்தநாகம், நாணயத்துக்குரிய பளபளப்பே இருக்காது. பல காசுகள் எட்டு மூலை கொண்டவை. ஒரு பக்கம் ஊர்ச் சின்னமும் பெயரும், மறுபக்கம் 5, 10 அல்லது 50 ஃபெனிக் (ஜெர்மன் பைசா). சிலவற்றில் 'போர்க்காசு' என்றும், சிலவற்றில் 'சில்லறைக்குப் பதில் வில்லை' என்றும் ஜெர்மனில் பொறித்திருக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. காசு என்று உரிமை கொண்டாடாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது.

போர் முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. 1920, 1921 ஆண்டுகளில் மைசென் பீங்கான் ஆலை பழுப்பு நிறத்தில் சுட்ட காசுகளே செய்தது. பீலஃபெல்ட் நகரம் பட்டுத்துணியில் பணம் அச்சிட்டது. 1921 வாக்கில் பல ஊர்கள் சேகரிப்பவர்களிடம் விற்பதற்கென்றே வண்ணப் பணத்தாள்களை வெளியிட்டன. பஞ்சத்தில் பிறந்தது வியாபாரமாகிவிட்டது! 1923-இன் பயங்கரப் பணவீக்கத்தில் மறுபடி உண்மையான தேவை வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அவசரப் பணம்' என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்து வைத்தது போல இருக்கிறது. 'டோக்கன்' ஒரு கடைக்குள்ளோ கேன்டீனுக்குள்ளோ முடிந்துவிடும். இதுவோ ஊர் முழுக்கச் செல்லுபடியானது. பொருளில் மிக நெருங்கி வருவது 'முடை'. பணமுடை என்கிறோமே, அந்த முடைதான். ஆனால் 'முடைக்காசு' என்று எழுதினால் முடைநாற்றம் முந்திக்கொள்ளும். ஆகவே பொதுவாக 'நெருக்கடிப் பணம்', உலோகத்திலும் பீங்கானிலும் உள்ளதற்கு 'நெருக்கடிக் காசு' என்பதே என் தேர்வு.

இலங்கையில் 1942-இல் வந்த 5 சத நோட்டையும் இதில் சேர்க்கலாமா? அதன் நடுவே துளைக்கோடு இருக்கும். தபால் தலை மாதிரிக் கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். காரணம் அதே போர்க்காலத் தட்டுப்பாடுதான். ஆனால் வெளியிட்டது அரசு. நெருக்கடிப் பணம் என்று தாராளமாகச் சொல்லலாம். நோட்கெல்ட் என்று எழுதுவது பொருந்தாது.